குவா ஷா கல்: முகத்தில் சிவக்கும்வரை தேய்க்க வேண்டுமா?

நித்யா, ஈசூன்:
கூட வேலை பார்க்கும் சீனத் தோழி பிறந்தநாளுக்கு ஒரு குவா ஷா கல் (தோலைத் தேய்த்துவிடும் சீன முறைக்கான தட்டைக் கல்) கொடுத்தாள். வெளிர்பச்சை, இதய வடிவம். அவளுடைய பாட்டி முதுகில் தேய்த்துவிட்டால் செக்கச்செவேலென்று கோடு விழுமாம். அப்படி விழுந்தால்தான் உடம்பு லேசாகுமாம். முகத்துக்கும் அதே கணக்குத்தானா? காலையில் முகம் உப்பிப்போய் எழுகிறேன், தாடையோரம் சதையும் இருக்கிறது. அது குறையுமா? அவ்வப்போது பருவும் வரும். அப்புறம், இது அசல் ஜேடா (பச்சை மணிக்கல்) என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரேவதி:
தேங்காய் எண்ணெய் தடவித் தேயுங்கள் சிஸ். கல்லை பிரிட்ஜில் வைத்து எடுத்தால் இன்னும் சுகம்.

செல்வி, ஈப்போ:
பரு வரும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம் ரேவதி, துவாரத்தை அடைத்துவிடும். ஜோஜோபா எண்ணெய் நாலைந்து சொட்டு போதும். பிரிட்ஜ் யோசனை நல்லதுதான்.

நித்யா, நான் சீன முதலாளியம்மா ஒருவரிடம் பல வருஷம் ஃபேஷியல் வேலை பார்த்தவள். அவர் முதுகுக்கு எருமைக்கொம்புச் சீப்பு மாதிரி ஒன்று வைத்திருப்பார், அவசரத்துக்குப் பீங்கான் சூப் கரண்டியாலேயே தேய்த்துவிடுவார். முதுகில் அழுத்தித் தேய்க்கும்போது தோலுக்கடியில் சின்ன ரத்தக்குழாய்கள் உடைகின்றன. அந்தச் சிவப்புப் புள்ளிகள் அதனால்தான். முகத்தில் அது வரவே கூடாது. லேசாக இளஞ்சிவப்பு ஏறினால் போதும், புள்ளி விழுந்தால் கை கனம் என்று அர்த்தம்.

கல்லை நிமிர்த்திப் பிடிக்காதீர்கள், தோலோடு ஏறக்குறைய படுக்க வையுங்கள். முதலில் கழுத்து: காதுக்குக் கீழிருந்து காறை எலும்பு வரை, மேலிருந்து கீழாக. இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். முகத்தில் தேங்கும் நிணநீர் வடிவது கழுத்து வழியாகத்தானே? அப்புறம் முகவாயிலிருந்து தாடையோரமாகக் காது வரை, கல்லின் பள்ளம் எலும்பில் உட்காரும்படி. மூக்கோரத்திலிருந்து காதுப்பக்கம். கண்ணுக்கடியில் கல்லின் எடையே போதும். இன்னொரு கை தோலை நகராமல் பிடித்திருக்கட்டும். பழுத்த பரு இருக்கிற இடத்தைத் தொடாதீர்கள், சீழ் பரவும்.

காலை உப்பல் வடியும், முகம் தெளிவாகத் தெரியும். மறுநாள் மறுபடி உப்பும். தாடைச் சதை கொழுப்பு என்றால் எந்தக் கல்லுக்கும் அசையாது. விளம்பரத்தில் காட்டும் முன்-பின் படங்களில் பாதி வெளிச்சத்தின் வேலை.

அசலா என்பதற்கு: ஓரத்தில் எஃகுக் கத்தி முனையால் கீறிப் பாருங்கள். ஜேடில் கீறல் விழாது. விழுந்தால் பெரும்பாலும் செர்பென்டைன் என்ற மிருதுவான வேறு கல், ஜேட் என்ற பெயரில் நிறைய விற்கிறார்கள். (தோழி பார்க்காதபோது கீறுங்கள்!) தோலுக்கு இரண்டும் ஒன்றுதான். விளிம்பு வழவழப்பாக இருக்க வேண்டும், அவ்வளவே. கீழே விழுந்து சில்லு பெயர்ந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

நித்யா, ஈசூன்:
ரொம்ப நன்றி அக்கா. கழுத்து விஷயம் தெரியவே தெரியாது. அம்மாவும் கேட்கிறார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார், அவருக்குச் செய்துவிடலாமா?

செல்வி, ஈப்போ:
டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். அந்த மாத்திரைக்கு லேசாக அழுத்தினாலே கன்றிப்போகும். முகத்தில் போடாக்ஸ், ஃபில்லர் ஊசி போட்டவர்களும் அதைப் போட்டுவிட்டவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் கல்லை எடுக்க வேண்டும். அம்மாவுக்கு இப்போதைக்கு வெறும் கையால் நெற்றியை வருடிவிடுங்கள்.