டாசல் என்றால் குஞ்சம்தானா? கட்டிப் பழகியவர்கள் எழுதுங்கள்

சொல்தேடி:
ஜவுளிக் கடையில் ‘டாசல்ஸ்’, வீட்டில் ‘குஞ்சம்’, நாட்டிய அலங்காரத்தில் ‘குஞ்சலம்’. ஒரு முனை இறுகக் கட்டுண்டு, மறுமுனை அவிழ்ந்து தொங்கும் நூல்கொத்து என்பதுதான் மூன்றுக்கும் பொது. துணியோரம் நெடுக இடைவெளியின்றித் தொங்கினால் அது ஜாலர். உருண்டையாக வெட்டிவிட்டால் நூல்பந்து. டாசல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதலில் அது மேலங்கியைப் பூட்டும் பிடிப்பைத்தான் குறித்தது, தொங்கும் நூல் பிறகு சேர்ந்த பொருள். பட்டமளிப்புத் தொப்பியிலும் துருக்கித் தொப்பியிலும் தொங்குவது இதுவே. எப்படிக் கட்டுவது, எங்கே கெடுகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முந்திமுடிச்சு:
சேலையிலிருந்து தொடங்குகிறேன். முந்தியில் நெய்யாமல் விட்ட பாவு நூல் (நீளவாக்கில் ஓடும் நூல்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 4 அங்குலமாவது இருந்தால் அதிலேயே முடியலாம். குறைந்தால் ஓரத்து ஊடை நூலை (குறுக்கே ஓடும் நூல்) ஊசி நுனியால் ஒவ்வொன்றாக உருவி நீளம் எடுக்கலாம். கொத்தாக இழுத்தால் துணி சுருங்கிவிடும், பிறகு இஸ்திரிக்கும் அடங்காது.

46 அங்குல அகலத்துக்கு அரை அங்குலத்துக்கு ஒன்று வீதம் 92 முடிச்சு வரும். முடிச்சு நெசவோடு ஒட்டி உட்கார வேண்டும். கொஞ்சம் இடைவெளி விட்டாலும் ஊடை அந்த இடத்துக்கு நகர்ந்து, முந்தி நைந்ததுபோல் தெரியும். ஜரிகைக் கரையில் கொத்து தடிக்கும், அங்கே மட்டும் நூலைக் குறைத்து எடுங்கள்.

பீகோ (ஓரத் தையல்) அடித்துவிட்ட சேலையில் பாவு நூல் இருக்காது. தனிப் பட்டுநூலை ஊசியால் ஓரத்தில் கோத்து, மடித்து, மடிப்புக்குச் சற்றுக் கீழே, அதாவது கழுத்தில், ஜரிகை நூல் சுற்றித்தான் கட்ட வேண்டும். மென்பட்டிலும் ஷிபானிலும் கண்ணாடி மணி வேண்டாம் என்பேன். எடை முழுவதும் கோத்த துளைகளில் இறங்கி ஓரத்தைக் கிழிக்கும்.

நூல்கண்டு:
தனிக் குஞ்சத்துக்கு அளவு சொல்கிறேன். 3 அங்குல அட்டையில் 60 சுற்று. நூல் ஏறத்தாழ 9 மீட்டர் பிடிக்கும். மேல்மடிப்பில் ஒரு கயிற்றை நுழைத்து இரட்டை முடிச்சு போட்டுவிட்டு, கீழ்மடிப்பை வெட்டினால் 120 நூல்முனை தொங்கும். அடுத்தது கழுத்து. குஞ்சம் நிற்பதும் உதிர்வதும் இதில்தான் இருக்கிறது.

தலையிலிருந்து அரை அங்குலம் கீழே, 15 அங்குலப் பருத்தி நூலை ஒரு கண்ணியாக மடித்து வையுங்கள். கண்ணி கீழ்ப்பக்கம், குட்டை முனை மேல்பக்கம். நீள முனையால் மேலிருந்து கீழாக 7, 8 சுற்று இறுகச் சுற்றி, முனையைக் கண்ணிக்குள் விடுங்கள். பிறகு மேலே உள்ள குட்டை முனையை இழுத்தால் கண்ணி சுற்றுக்கு அடியில் போய் மறையும். இரண்டு முனையையும் ஒட்ட நறுக்கிவிடலாம். முடிச்சே வெளியில் தெரியாது.

ரேயான் நூலாலேயே கழுத்தைக் கட்டும் தவறைத்தான் அதிகம் பார்க்கிறோம். அது வழுக்கும், இரண்டு மாதத்தில் தலை தனியே வந்துவிடும். பருத்தி நூலில் மெழுகு தேய்த்துக் கட்டுங்கள். பசை தேவையே இல்லை, பட்டில் ஊறினால் கறை நிற்கும்.

ஓரத்தை நறுக்கும் முன் ஆவி காட்டுங்கள். சுருண்ட நூல் நீளும். முதலில் நறுக்கிவிட்டால் பிறகு நீண்டு ஏறுமாறாகத் தெரியும்.

சலங்கை:
பின்னல் நுனியில் மூன்று குஞ்சங்களாகத் தொங்கும் குஞ்சலம் கழன்று விழுவதற்கும் காரணம் கட்டுதான். பின்னலை முடித்துவிட்டு நுனியில் ரப்பர் பேண்டால் மாட்டுகிறார்கள். சுழன்று ஆடும்போது மூன்று குஞ்சங்களும் வெளிப்பக்கம் இழுக்கும், மயிர் வழுக்கிக் கழன்றுவிடும். பின்னல் முடிய 4 அங்குலம் இருக்கும்போதே நிறுத்தி, குஞ்சலத்தின் மூன்று கயிறுகளையும் பின்னலின் மூன்று கால்களோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பின்னிவிட்டு, கருப்பு நூலால் சுற்றிக் கட்டுங்கள். மெல்லிய முடி என்றால் சவுரி சேர்க்காமல் மாட்டாதீர்கள், எடை தாங்காது.

சோளக்காடு:
இன்னொரு பொருளும் சேர்க்கிறேன். மக்காச்சோளத்தின் உச்சியில் வரும் ஆண் பூங்கொத்துக்கும் ஆங்கிலத்தில் டாசல் என்றே பெயர். கலப்பின விதை வயலில் விதை எடுக்கும் 4 பெண் வரிசைக்கு மகரந்தம் தரும் 2 ஆண் வரிசை என்று நடுவார்கள். பெண் வரிசையில் அந்தக் கொத்தை மகரந்தம் உதிரும் முன்பே அடியோடு நேராக இழுத்து உருவ வேண்டும். ஒரு கிளை மிஞ்சினாலும் தன் மகரந்தமே சேர்ந்து விதையின் தூய்மை கெடும். செடிகள் ஒரே நாளில் பூப்பதில்லை, அதனால் தினமும் வரிசை வரிசையாக நடந்து பார்க்க வேண்டும். மேல் இலை சேர்ந்து வந்தால் விளைச்சல் குறையும்.

முந்திமுடிச்சு:
நூல்கண்டு சொன்ன ரேயானைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. ஃபேன்சி கடையில் பட்டுநூல் என்று விற்பதில் பெரும்பகுதி ரேயான்தான். நனைந்தால் வலு குறையும், சாயமும் இறங்கும். கட்டும் முன் ஒரு நூலை வெதுவெதுப்பான நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். அடர்சிவப்பும் கருநீலமும் முக்கியம். சேலையைச் சலவைக்குக் கொடுக்கும்போது முந்தியோரத்தை மல் துணியில் சுருட்டி, பெரிய பெரிய தையலாக ஓட்டிவிட்டுக் கொடுங்கள், நூல் சிக்காது.