சென்னை ஈரத்தில் பழைய ரேஸ் கார் மாடல்கள்: என்ன கெடுகிறது, எதனால்?

சோழாவரம் ரசிகன்:

நம்ம ஊரில் மாடல் கார் கீழே விழுந்து கெடுவது குறைவு. பூட்டிய அலமாரிக்குள் நின்ற இடத்திலேயே கெடுவதுதான் அதிகம். அதனால் என்ன வாங்கினோம், எவ்வளவு கொடுத்தோம் என்ற கதையெல்லாம் இங்கே வேண்டாம். எந்தக் கோளாறு கண்ணில் பட்டது, எதனால் வந்தது, எப்படித் தடுப்பது, இதை மட்டும் எழுதுங்கள். துத்தநாக அரிப்பில் தொடங்குகிறேன், அதற்குத்தான் வைத்தியமே கிடையாது.

டை-காஸ்ட் பாடியை ஜமாக் என்ற கலவையில் வார்க்கிறார்கள். துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம், கொஞ்சம் மெக்னீசியம். வார்ப்பில் ஈயம், காட்மியம், தகரம் இம்மியளவு கூடினாலும் உலோக மணிகளுக்கு நடுவே அரிப்பு பிடித்துவிடும். ஈரமும் வெக்கையும் அதை விரட்டிவிடும். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய டிங்கி கார்கள் இதற்குப் பேர்போனவை. ஒரு தொகுதி வார்ப்பு மோசமாகிவிட்டால் புது மாடலிலும் வரும்.

சந்தேகம் வந்தால் காரைத் தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். நாலு சக்கரமும் சமமாகப் படியாமல் அடித்தட்டு வில்லாக வளைந்திருக்கிறதா? கதவு இடுக்கு ஒரு பக்கம் மூடிக்கொண்டதா? பெயின்டில் மயிரிழை விரிசல் வலைபோல ஓடுகிறதா? மூன்றில் இரண்டு இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் தொடாதீர்கள். விரிசலில் பசை விட்டு பெயின்ட் அடித்து விற்பவர்கள் உண்டு. அரிப்பு உள்ளே நடப்பதால் பாடி மேலும் உப்பி, அந்த ஒட்டு மறுபடி பிளக்கும். பக்கத்தில் நிற்கும் மாடலுக்கு இது ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் மட்டும் வேண்டாம்.

பெயின்ட் கொப்புளம் வேறு சமாச்சாரம். உலோகம் நேராக இருக்கும், மேலே மட்டும் கடுகளவு புடைப்புகள். 1:18 (அசலில் பதினெட்டில் ஒரு பங்கு அளவு) மாடல்களைச் சுற்றி வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளும் ஸ்பாஞ்சும் பாடியோடு ஒட்டிக் கிடந்தால், ஈரம் அங்கேயே அடைபட்டு, தாள் பட்ட இடத்தின் அச்சாகவே கொப்புளம் வரும். பெட்டியிலேயே வைப்பவர்கள் முதல் வேலையாக அந்தத் தாளை உருவி எறியுங்கள்.

நாலு சக்கரம்:

டயரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மென்மையான டயரில் கலந்திருக்கும் மிருதுவாக்கும் எண்ணெய் காலப்போக்கில் வெளியே கசியும். அடியில் இருப்பது பாலிஸ்டைரீன் தட்டு என்றால் அதையே கரைத்து, தூக்கும்போது நாலு கறுப்புக் குழிகளும் பிசுபிசுப்பும் மிஞ்சும். ஏசி இல்லாத அறையில், மே மாத வெயிலில், இது சீக்கிரமே நடக்கும்.

தீர்வு ரொம்ப மலிவு. அடித்தட்டோடு ஸ்க்ரூ போட்டு வரும் 1:43 மாடல் என்றால், ஸ்க்ரூவைக் கழற்றி, சேஸிஸுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய நைலான் வாஷரைக் கொடுங்கள். டயர் தட்டைத் தொடாமல் அரை மி.மீ. தொங்கினால் போதும், வெளியே தெரியாது. ஸ்க்ரூ இல்லாத மாடலுக்கு, ஹார்டுவேர் கடையில் குழாய் மரைக்குச் சுற்றக் கொடுக்கும் வெள்ளை டெஃப்ளான் டேப்பை இரண்டாக மடித்து, டயர் அகலத்துக்கு வெட்டி அடியில் வையுங்கள்.

ஏற்கெனவே பிசுபிசுத்த டயரை ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடைக்கலாம். பக்கவாட்டில் குட்இயர், ஃபயர்ஸ்டோன் என்று அச்சடித்திருந்தால் அந்த எழுத்தை ஒதுக்கித் துடையுங்கள், தேய்த்தால் போய்விடும். ஆல்கஹால், தின்னர் எதுவும் வேண்டாம்.

வெர்னியர்:

வாங்கும்போது பெயின்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஆண்டைப் பார்க்க வேண்டும். பெட்டியில் எழுதியிருப்பதும் உள்ளே நிற்கும் காரும் பொருந்தாத மாடல்கள் நிறையவே சுற்றுகின்றன. சில சமயம் வேறு ஆண்டுக் காரின் வார்ப்பு அச்சையே தப்பாகப் பயன்படுத்தியிருப்பார்கள். சில சமயம் இடையில் யாரோ பெட்டியை மாற்றியிருப்பார்கள்.

லோட்டஸ் 49 நல்ல உதாரணம். 1967 ஜூனில் ஸாண்ட்வோர்ட்டில் முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க் ஜெயித்த கார் எண் 5: பச்சை, நடுவே மஞ்சள் பட்டை, விங் (காற்று அழுத்திப் பிடிக்க வைக்கும் இறக்கைத் தகடு) கிடையாது. சிவப்பு, வெள்ளை, தங்க நிறக் கோல்ட் லீஃப் (சிகரெட் விளம்பர) வேஷம் 1968-இல்தான் வருகிறது. மூக்கில் குட்டி விங் 1968 மொனாக்கோவில். கம்பம் நட்டு உயரத்தில் நிற்கும் விங்குகள் அந்த ஆண்டு கோடையில் தொடங்கி, 1969 மொனாக்கோ வார இறுதியிலேயே தடை செய்யப்பட்டன. ஆக, பச்சை உடலில் உயர விங் வைத்து "1967" என்று போட்டிருந்தால் அது யாரோ ஒட்டுப்போட்டது.

மெர்சிடிஸ் டபிள்யூ 196: 1954 ஜூலை 4, ரெய்ம்ஸ். ஃபாஞ்சியோ எண் 18, கிளிங் எண் 20. இரண்டுமே சக்கரத்தை மூடிய பாடி. சக்கரம் திறந்த பாடி ஆகஸ்டில் நூர்பர்க்ரிங்கில்தான் வருகிறது. திறந்த சக்கரத்தோடு "ரெய்ம்ஸ் 1954" என்றால் தப்பு.

ஆறு சக்கர டிரெல் பி34: முழு நீலம் என்றால் 1976. அந்த ஆண்டு ஸ்வீடனில் ஷெக்டர் எண் 3-இல் முதலிடம், டெபாய் எண் 4-இல் இரண்டாமிடம். நீலமும் வெள்ளையும் கலந்த அகலமான பாடி 1977, அதில் எண் 3 பீட்டர்சன். எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஓட்டுநரே மாறிவிடுவார்.

கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் நீலத்தில் வரும் ஃபோர்டு ஜிடி40-இல் இன்னொரு சுவாரசியம். லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1968-இல் ஜெயித்த எண் 9, 1969-இல் ஜெயித்த எண் 6, இரண்டும் ஒரே கார்தான், சேஸிஸ் எண் 1075. இரண்டையும் ஜோடியாக வைப்பவர்கள் அடுத்தடுத்த ஆண்டு என்றே எழுதி வைக்கலாம், தனித்தனிக் கார் என்று எழுதாதீர்கள்.

அளவு சரியா என்று பார்க்க வீல்பேஸ்தான் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம்) நம்பிக்கையான கணக்கு. நீளத்தில் மூக்கும் விங்கும் ஏமாற்றிவிடும். லோட்டஸ் 49-இன் வீல்பேஸ் 2413 மி.மீ. அதை 43-ஆல் வகுத்தால் 56.1. போர்ஷே 917-க்கு 2300 மி.மீ.: 1:43-இல் 53.5, 1:18-இல் 127.8. வெர்னியரை அச்சு நடுவிலிருந்து அச்சு நடு வரை பிடியுங்கள், இரும்புத் தாடை பெயின்டில் உரசாமல் நுனியில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு. ஒரு மி.மீ. வித்தியாசத்தை மன்னிக்கலாம். மூன்று மி.மீ. என்றால் அது 1:43 இல்லை.

கடைசியாக அடியில் ரிவெட். பழைய டை-காஸ்ட்டில் ரிவெட் தலை பளபளப்பாகத் துளைத்திருந்தாலோ அங்கே ஸ்க்ரூ இருந்தாலோ, பிரித்து மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது குற்றமில்லை. ஆனால் அசல் விலை கேட்கக்கூடாது.

சோழாவரம் ரசிகன்:

வெர்னியர் சார் சொன்னதோடு நம்ம பசங்க இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கிளாசிக் இல்லைதான் என்றாலும். 2005 ஜோர்டான் அணி கார்: எண் 19 நரேன் கார்த்திகேயன், எண் 18 மான்டேரோ. பதினெட்டை நரேன் கார் என்று தள்ளிவிடுகிறார்கள். 2010 எச்ஆர்டி அணியில் எண் 20 கருண் சந்தோக், ஆனால் ஜெர்மனி பந்தயத்திலிருந்து அதே எண்ணில் வேறு ஆள். அங்கே ஹெல்மெட்டையும் பெட்டியில் போட்டிருக்கும் பந்தயப் பெயரையும் பாருங்கள்.

உப்புக்காற்று திருவான்மியூர்:

இனி அலமாரி. கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஈரம் ஒரு எதிரி என்றால், அலமாரியே இன்னொரு எதிரி.

புது எம்டிஎஃப், பிளைவுட், பார்ட்டிக்கிள் போர்டு எல்லாமே அமில ஆவி விடும். ஈயம் கலந்த வொயிட் மெட்டல் மாடல்கள்மேல் மாவு பூத்த மாதிரி வெள்ளைத் தூள் வருவது அதனால்தான். கண்ணாடி ஒட்டும் சிலிக்கான் வாங்கும்போதும் கவனம்: புளித்த வினிகர் வாசனை வருகிற வகை காயும்போது அசெட்டிக் அமிலம் விடும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியமும் கண்ணாடியும் மட்டும் உள்ள ஷோகேஸ்தான் நல்லது. மரம்தான் இருக்கிறது என்றால் உள்பக்கத்தில் அலுமினியத் தாள் ஒட்டி மூடலாம்.

அந்துருண்டை! வீட்டில் பெரியவர்கள் நல்ல எண்ணத்தோடு ஒவ்வொரு தட்டிலும் இரண்டு உருண்டை போட்டுவிடுவார்கள். அந்த ஆவி பாலிஸ்டைரீனை இளக்கும். கிட் மாடலின் (பாகங்களை நாமே ஒட்டிக் கட்டுவது) விங் நுனி தளர்ந்து தொங்கும், கண்ணாடிப் பகுதி மங்கும். கற்பூரமும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளுங்கள். மாடல் இருக்கும் தட்டில் இரண்டுமே கூடாது.

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் போதும். 30-க்குக் கீழே இறக்காதீர்கள், பழைய டெக்கல் (கார்மேல் ஒட்டும் எண், எழுத்துப் படலம்) ஓரம் தூக்கிக்கொள்ளும். அளக்கும் டிஜிட்டல் மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். பாட்டில் மூடியில் சமையல் உப்பு, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சில சொட்டுத் தண்ணீர், அதோடு மீட்டர், எல்லாம் ஒரு ஜிப் பையில். ஓர் இரவு முழுக்க வைத்தால் மீட்டர் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் இனி எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள்.

சிலிகா ஜெல்லில் எல்லோரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். மூன்றடி நீளம், ஓரடி உயரம், ஓரடி ஆழம் உள்ள தட்டுக்கு நூறு கிராம் போட்டால் ஐப்பசி மழையில் அன்றே நிறைந்துவிடும். ஒன்றரை முதல் இரண்டு கிலோ வேண்டும், அதுவும் கதவு இடுக்கில் ரப்பர் பீடிங் ஒட்டிய பிறகு. இடுக்கை அடைக்காமல் ஜெல் போடுவது ஜன்னலைத் திறந்து வைத்து ஏசி போடுவதுதான். நிறம் மாறும் ஆரஞ்சு வகை வாங்கி, மாறியதும் ஓடிஜி அடுப்பில் மெல்லிய படலமாகப் பரப்பி 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். அதற்கு மேல் சூடேற்றினால் நிறம் காட்டும் பொருள் கருகும், ஜெல் நிறைந்ததே தெரியாமல் போகும்.

மாடிவீட்டு மணி:

கொலுவில் பார்க் வைக்க வருஷா வருஷம் வீட்டில் என் கார்களைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா அண்ணா?

உப்புக்காற்று திருவான்மியூர்:

முழு டை-காஸ்ட், விலை குறைந்தது என்றால் தாராளமாக. ரெசின் மாடலும் எட்ச் பாகம் (மெல்லிய உலோகத் தகட்டில் செய்த நுண்பாகம்) ஒட்டியதும் வேண்டாம், பிள்ளைகள் கை விங் கண்ணாடியில்தான் முதலில் போகும். சாம்பிராணிப் புகை பிசினாகப் படியும், அதன்மேல் தூசு ஒட்டும். பத்து நாள் முடிந்ததும் முதலில் ரப்பர் பல்ப் ப்ளோயரால் ஊதி, பிறகு மேக்கப் பிரஷ். மைக்ரோஃபைபர் துணி வேண்டாம் தம்பி, அதன் இழை ஆன்டெனாவில் மாட்டி இழுத்துவிடும்.

அரை மில்லி:

கிட் கட்டுபவர்களுக்கு இரண்டு விஷயம்: பெயின்ட், தண்ணீர்.

லாக்கர் பெயின்டை ஏர்பிரஷில் அடிக்கும்போது பளபளப்புக்குப் பதில் பால் மாதிரி வெண்படலம் வருகிறதா? தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. ஈரப்பதம் 75-ஐத் தாண்டினால் ஏறக்குறைய நிச்சயம். தின்னரில் 5 முதல் 10 சதவீதம் ரிட்டார்டர் (ஆவியாவதைத் தாமதமாக்கும் திரவம்) சேருங்கள். கம்ப்ரஸர் குழாயில் ஈரம் பிடிக்கும் டிராப் மாட்டி, ஒவ்வொரு முறையும் அதை வடித்துவிடுங்கள். நேரமும் முக்கியம். கோடையில் காலை பத்தரைக்குமேல் ஈரப்பதம் இறங்கும், மதியம் கடற்காற்று உள்ளே வந்ததும் மறுபடி ஏறும். அந்த இடைவெளியில் அடித்து முடிக்க வேண்டும். வெண்படலம் வந்துவிட்டால் சுரண்டாதீர்கள்: ரிட்டார்டர் கலந்த வெறும் தின்னரை லேசாக மேலே தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

தண்ணீர் விஷயம் இதைவிட எளிது. டெக்கலை போர் தண்ணீரில் நனைத்தால் காய்ந்ததும் படலத்துக்கு அடியில் சுண்ணாம்புத் திட்டு நிற்கும், பச்சை லோட்டஸில் பளிச்சென்று தெரியும். மெக்கானிக் கடையில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் போதும் (ஆசிட் இல்லை, டிஸ்டில்டு வாட்டர்). வெதுவெதுப்பாக்கி, டெக்கலை 30 நொடி நனைத்து, வெளியே எடுத்து ஒரு நிமிஷம் காத்திருங்கள். ஒட்டும் இடத்தில் மைக்ரோ செட், ஒட்டிய பின் மேலே மைக்ரோ சோல் (இரண்டும் டெக்கலைப் படியவைக்கும் திரவங்கள்). சோல் பட்டதும் டெக்கல் சுருங்கிக் கோரமாகும். கை வைக்காமல் விட்டால் தானாகவே படியும். இருபது வருஷப் பழைய தாள் என்றால் தேவையில்லாத ஒரு எழுத்தை முதலில் நனைத்துப் பாருங்கள், துண்டு துண்டாகப் பிரிந்தால் மீதிக்கு லிக்விட் டெக்கல் ஃபிலிம் ஒரு பூச்சு கொடுத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும்.

கழன்ற கண்ணாடி, விண்ட்ஸ்கிரீன் ஒட்ட சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கும், நம்ம ஊரில் இன்னும் மோசம். கண்ணாடிக்கு வெள்ளை ஃபெவிகால் ஊசிமுனையளவு, உலோக எட்ச் பாகத்துக்கு சமபங்கு கலந்த ஐந்து நிமிட எபாக்ஸி.

பார்சல் பாரிமுனை:

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 60, 2023-இல் 70 சதவீதம் என்று ஏறியது. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், ஆர்டருக்கு முன் அன்றைய விகிதத்தைப் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைக்குத் தரச் சான்று கட்டாயம். அதனால் பில்லில் வெறும் "பொம்மை கார்" என்று எழுதி அனுப்பினால் கேள்வி வரும். 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சேகரிப்பு மாடல் என்று, அளவும் விலையும் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

மாடிவீட்டு மணி:

ஒரே ஒரு கேள்வி. மெக்லாரன் எம்பி4/4-இன் சிவப்பு வெளிறிக்கொண்டே போகிறது. இதுவும் ஈரமா?

அரை மில்லி:

இல்லை, வெளிச்சம். அது சாதாரணச் சிவப்பு இல்லை, ஆரஞ்சு சாயல் உள்ள ஃப்ளோரசன்ட் நிறம். ஃப்ளோரசன்ட் நிறமிதான் புற ஊதாக் கதிரில் முதலில் சாகும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வைக்காதீர்கள். உள்ளே டியூப் லைட்டுக்குப் பதில் எல்இடி பட்டை போட்டு, அதன் அடாப்டரை அலமாரிக்கு வெளியே வையுங்கள், சூடு உள்ளே தங்காது. வெளிறியது திரும்பாது, டெக்கலைக் காப்பாற்றிக்கொண்டு மறுபடி அடிக்கவும் வழியில்லை. வெளிறிய பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கலாம், அவ்வளவுதான்.