தலைப்பிரசவம்: வலி தொடங்கியதும் வீட்டில் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

கேள்வி:
எனக்கு 39 வாரம் முடிந்துவிட்டது. நேற்றிரவு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அடிவயிறு கல்லாக இறுகி, விடிந்ததும் அடங்கிவிட்டது. சூட்டு வலிதான் என்று அம்மா சீரகக் கஷாயம் கொடுத்தார். மருத்துவமனைக்கு ஒரு மணி நேரப் பயணம் என்பதால், மறுபடி வலி வந்தால் எப்போது கிளம்புவது?

மறுமொழி 1:
நான் பிரசவ வார்டில் பணியாற்றும் செவிலியர். கஷாயம் குடிப்பதில் தவறில்லை. ஆனால் நடந்தாலும் படுத்தாலும் விடாமல், இடைவெளி குறைந்து வலு கூடிக்கொண்டே வருவதுதான் பிரசவ வலி. கருப்பை வாய் 5 செ.மீ. விரியும் வரையிலான கட்டத்துக்குத் திட்டமான கால அளவு இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலே சொல்வதால், இப்போதே பயந்து உடலைக் களைப்பாக்காமல் இட்லி, கஞ்சி என எளிதாகச் செரிப்பதை உண்டு, இடது பக்கம் சாய்ந்து உறங்குங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும்வரை காத்திருப்பது பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும். நீங்கள் முன்னதாகவே மருத்துவரிடம் பேசிவிட்டுக் கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வலிக்காகக் காத்திருக்காமல் உடனே புறப்படுங்கள். வண்டி இல்லையென்றால் 108.

மறுமொழி 2:
எனக்கு வலி முழுவதும் இடுப்பிலேயே இருந்தது. கட்டில் விளிம்பைப் பிடித்து முட்டி போட்டுக்கொள்ள, கணவர் உள்ளங்கையின் அடிப்பகுதியால் இடுப்பை அழுத்தியபோதுதான் மூச்சை நீளமாக விட முடிந்தது. ஒவ்வொரு வலியின் நேரத்தையும் நாட்காட்டித் தாளின் பின்புறம் மாமியார் குறித்து வைத்தார். மருத்துவர் முதலில் கேட்டது அதைத்தான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தாளையும் பேனாவையும் தலைமாட்டில் வைத்துவிட்டேன்.