நகரி மூக்கு மலைப்பக்கம் நாயோட போகலாமா?

கேள்வி: ஏகாம்பரகுப்பத்துல தறி ஓட்டுறேன். வாசல்ல நின்னாலே நகரி மூக்கு தெரியும், மனுஷன் மல்லாந்து படுத்த மாதிரி. எங்க சிப்பிப்பாறை நாய் ராணியோட ஒரு நாள் அங்க நடக்கணும். யாராவது போயிருக்கீங்களா?

புத்தூர்க்காரர்: தாராளமா போங்க தம்பி. ஆனா மூக்கு நுனிக்கு நாய் வேணாம். கீழ கிரானைட், மேல செங்குத்தா நிக்கிறது குவார்ட்ஸைட்ங்கற கெட்டிப் பாறை. உடைஞ்ச இடமெல்லாம் கூர். சரிவுல இறங்கும்போது பாரம் முழுக்க முன்னங்கால்லதான் விழும். எங்க நாய் மணி திடீர்னு கால தூக்கிட்டு நின்னுட்டான். விரலிடுக்குல சோள அளவு ஒரு சில்லு. முள்வாங்கி இருந்ததால ஆச்சு.

மார்கழி, தைதான் சரி. விடியும்போதே ஏறிடுங்க. வெயில் ஏறினதும் புறங்கைய பாறைல வைங்க. உங்களால தாங்க முடியலன்னா அவ பாதமும் தாங்காது. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைச்சுத்தான் சூடு தணியும். மத்தியானம் நிழல்ல படுக்க வச்சு தண்ணி குடுங்க.

நகரிப் பையன்: காப்புக்காடு எங்க ஆரம்பிக்குதுன்னு வனத்துறைல கேட்டுட்டுப் போங்கண்ணா. கயிற மட்டும் அவுக்காதீங்க. சிப்பிப்பாறை முயலப் பாத்தா நிக்காது.

கேட்டவர்: ரொம்ப நன்றி. முள்வாங்கி இன்னிக்கே வாங்கிடறேன்.

புத்தூர்க்காரர்: வீட்டுக்கு வந்ததும் காது மடிப்புல உண்ணி இருக்கான்னு பாருங்க தம்பி.