வெயில் மழைக்கு நிற்கிற மரம்: நீங்கள் எதைப் பார்த்து வாங்கினீர்கள்?

கொடிப்பந்தல், வேலி, தோட்டத்து பெஞ்சு, மரத்தளம் என்று மழையிலும் வெயிலிலும் கிடக்கப்போகிற வேலைக்கு மரம் வாங்கினவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். கடையில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள், எது நின்றது, எது இற்றுப்போனது என்று எழுதுங்கள், அடுத்து வாங்கப் போகிறவர்களுக்கு உதவும். முதலில் என் அனுபவம், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

பந்தலுக்குத் தூண்களும் மேலே போடச் சட்டங்களும் வேண்டியிருந்தது. மரக்கடையில் தேக்கு என்று ஓர் அடுக்கைக் காட்டினார்கள். முதல் தரம், கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போகலாம் என்றார் கடைக்காரர். மேலே கிடந்த சட்டங்கள் இழைத்து எண்ணெய் தடவிப் பளபளவென்று இருந்தன. நான் நேராக அடுக்கின் தலைமாட்டுக்குப் போய், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டங்களின் வெட்டுமுகத்தைத்தான் பார்த்தேன். தூசி படிந்திருந்தால் ஒன்றும் தெரியாது. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும், வளையமும் நிறமும் எழுந்து வரும். பொன்பழுப்பில் வைரம், அதாவது மரத்தின் முதிர்ந்த உள்பகுதி, அதை ஒட்டிச் சட்டென்று நிறம் மாறி வெளிறிய மஞ்சளில் வெள்ளைப்பகுதி, அதாவது பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி. அந்த அடுக்கில் பாதிக்கும் மேற்பட்ட சட்டங்களில் ஒரு மூலையாவது வெள்ளை இருந்தது, சிலதில் ஒரு பக்கம் முழுக்கவே வெள்ளை. பக்கவாட்டில் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது, எண்ணெய் இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே நிறமாகக் காட்டிவிடுகிறது.

தேக்கு என்றால் மழைக்கு நிற்கும் என்று நாம் சொல்வது தேக்கின் வைரத்தைத்தான். உயிரோடு நிற்கும் மரத்தில் வெளிப்பக்கத்து வெள்ளை நீரை மேலே ஏற்றுகிற வேலையைச் செய்கிறது, மாவுச்சத்தும் சர்க்கரையும் அங்கேதான் சேமித்து வைக்கப்படுகிறது. வயது ஏற ஏற உள்வட்டங்கள் அந்த வேலையை விட்டுவிடும், அப்போது மரம் அந்தப் பகுதியில் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் ஆகாத பொருள்களை நிரப்புகிறது. தேக்கில் டெக்டோகுவினோன் என்பது அப்படி ஒன்று. அந்தச் சரக்கு வெள்ளையில் கிடையாது. ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 350, மரங்களை இற்றுப்போகாத தன்மையை வைத்து 1 முதல் 5 வரை வகுப்புப் பிரிக்கிறது, 1 மிக நீண்ட நாள் நிற்பது, 5 எளிதில் இற்றுப்போவது. அந்த வகுப்பு எண்கள் வைரத்துக்கு மட்டும்தான். எந்த மரமாக இருந்தாலும் சரி, வெள்ளை என்றால் வேறு சான்று இல்லாதவரை வகுப்பு 5 என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது தேக்கின் வெள்ளையும் சாதாரணப் பெட்டி அடிக்கிற மரமும் மழையில் ஒன்றுதான்.

இளம் மரத்தில் வெள்ளையின் பங்கு அதிகம். தோட்டத்தில் வளர்த்துச் சீக்கிரமே வெட்டுகிற தேக்கில் வைரம் சிறுத்திருக்கும், அந்த வைரத்திலும் உள்ளே சேர்ந்த சரக்கு முதிர்ந்த மரத்து அளவுக்கு இருக்காது. அதனால் ஈஎன் 350லேயே தோட்டத் தேக்குக்கு வகுப்பு 1 முதல் 3 வரை என்று ஒரு நீட்டமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். பெயர் மட்டும் இரண்டுக்கும் ஒன்று.

இன்னொன்று, கனமான மரம்தான் நிற்கும் என்று கடையில் கையில் தூக்கிக் காட்டுவார்கள். அதையும் நம்பி வாங்க வேண்டாம். பீச் மரம் கன மீட்டருக்கு 700 கிலோ அளவில் இருக்கும், நல்ல கனம், ஆனால் அது வகுப்பு 5, வெளியில் போட்டால் சில வருடங்களில் மக்கிவிடும். வட அமெரிக்காவின் வெஸ்டர்ன் ரெட் சிடார் அதில் பாதி எடைதான், ஒரு பலகையை ஒரு கையால் தூக்கலாம், அது வகுப்பு 2. எடை உறுதிக்கு உதவும், அழுத்தம் தாங்கும், ஆனால் பூஞ்சையைத் தடுப்பது உள்ளே இருக்கிற சரக்குதான். (சிடார் பூஞ்சைக்கு நிற்குமே தவிர கரையானுக்கு அந்த அளவு நிற்காது, கரையான் தொல்லை உள்ளவர்கள் அதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.)

சரி, கடைக்கு வருகிறேன். வெள்ளை இல்லாத சட்டங்களை நானே பொறுக்கி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். முதலில் தயங்கினார், அப்புறம் அடுக்கைப் பிரிக்கச் சம்மதித்தார். பொறுக்க விடாத கடையும் உண்டு, அங்கே வெளி வேலைக்கு மரம் வாங்காமல் வந்துவிடுவதே மேல். எடுத்ததையெல்லாம் ஈரப்பதம் காட்டும் மீட்டரால் குத்திப் பார்த்தேன். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை அதில் வேலை செய்யாது. வாங்கும்போது சொதசொதவென்று இருக்கிற மரம் காயக் காய முறுக்கிக்கொண்டு வெடிக்கும், வெடித்த இடத்தில் தண்ணீர் நிற்கும், பிறகு அங்கேதான் ஆரம்பிக்கும். நட்டநடு மரத்தில் அறுத்த தூண்களையும் நான் எடுக்கவில்லை, அது எப்படிக் காய வைத்தாலும் வெடிக்காமல் இருப்பது அபூர்வம்.

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்.

* * *

அண்ணே, நான் தச்சு வேலைதான் செய்கிறேன். நீங்கள் வைரத்தைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் பார்க்கிற பெரிய தொல்லை பெயர்தான். வாடிக்கையாளர் தேக்கு வாங்கி வைத்திருக்கிறேன், வந்து அடித்துக் கொடுங்கள் என்பார், போய்ப் பார்த்தால் வேறு மரம் இருக்கும். "ஆப்பிரிக்கத் தேக்கு" என்று விற்பது பெரும்பாலும் இரோக்கோ, சில இடத்தில் ஆஃப்ரோமோசியா. "பிரேசில் தேக்கு" என்பது குமாரு. இவை மட்டமான மரங்கள் என்று சொல்ல மாட்டேன், மூன்றுமே வெளியில் நன்றாக நிற்கும். ஆனால் "தேக்கு" என்கிற வாலை ஒட்டிக்கொண்டு எதுவும் வரலாம் என்பதுதான் பிரச்சினை. அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது, பில்லில் தாவரப் பெயரைப் போடச் சொல்லுங்கள். நிஜத் தேக்கு டெக்டோனா கிராண்டிஸ், ஒரே பெயர்தான். எழுதிக் கொடுக்கத் தயங்குகிற கடைக்காரரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. இப்பே என்கிற தென் அமெரிக்க மரம், குமாரு இரண்டும் 2024 நவம்பர் முதல், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, நாடு விட்டு நாடு வர அனுமதித் தாள் வேண்டும், ஆஃப்ரோமோசியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தத் தாளையும் கேட்கலாம்.

ஓக் மரத்தில் ஒரு சோதனை இருக்கிறது, செய்து பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும். ஒருவர் தோட்டத்து பெஞ்சுக்கு ஓக் பலகை வாங்கி வந்திருந்தார், வெள்ளை ஓக் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் நார் ஓட்டத்தின் நீளவாக்கில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்து, ஒரு முனையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் அமுக்கி, மறு முனையில் வாயை வைத்து ஊதினேன். மறுபக்கம் குபுகுபுவென்று குமிழி வந்தது. சிவப்பு ஓக்! அதன் குழாய்கள் முனைக்கு முனை திறந்தே இருக்கும். வெள்ளை ஓக்கின் வைரத்தில் அந்தக் குழாய்களை மரமே அடைத்துவிடும், எவ்வளவு ஊதினாலும் காற்று போகாது, அதனால்தான் மதுப் பீப்பாய் செய்ய அதை எடுக்கிறார்கள். சிவப்பு ஓக் உள்ளே நாற்காலி மேசைக்கு அருமையான மரம், மழையில் போட்டால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு சீக்கிரம் இற்றுப்போகும். அவர் அந்தத் துண்டையும் கிண்ணத்தையும் கடைக்கே எடுத்துப் போய் ஊதிக் காட்டிப் பலகையை மாற்றிக்கொண்டு வந்தார்.

ரப்பர் மரத்தையும் மாமரத்தையும் தோட்டத்துச் சாமான் என்று விற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எவ்வளவு வார்னிஷ் அடித்தாலும் அவை வெளி மரம் இல்லை.

* * *

எங்கள் பக்கம் தேக்கு கட்டுப்படியாகாது, பூஞ்சையும் பூச்சியும் அண்டாமல் இருக்க மருந்தேற்றிய பைன் மரம்தான் வாங்குவோம். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, மருந்தேற்றிய மரம் எல்லாம் ஒன்றல்ல. மரம் எங்கே நிற்கப்போகிறது என்பதை வைத்துத்தான் மருந்தின் அளவு. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து முறையில் எச்3 என்றால் வெளியில் தரைக்கு மேலே, எச்4 என்றால் மண்ணைத் தொடலாம். எங்கள் வேலிக்குக் கடையில் தூணுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் சேர்த்து எச்3 ஏற்றி அனுப்பிவிட்டார்கள். லாரியில் இருந்து இறக்கும்போது தலைப்பக்கம் அடித்திருந்த சீட்டைப் படித்துப் பார்த்து, தூண்களைத் திருப்பி அனுப்பினோம். "எல்லாம் அதே மருந்துதான் அம்மா" என்று ஓட்டுநர் சொன்னார், மருந்து அதேதான், அளவு வேறு. அவர்கள் கொண்டுவந்து மாற்றிக் கொடுத்தார்கள். பச்சை நிறம் இருந்தால் போதும் என்று யாரும் இறக்கிக்கொள்ளாதீர்கள், சீட்டைப் படியுங்கள்.

இரண்டாவது, மருந்து முழு ஆழத்துக்கும் போவதில்லை. நீளம் சரிசெய்ய அறுத்தால் உள்ளே வெளிறிய மரம் தெரியும், அது மருந்து தொடாத இடம். அறுத்த முனைக்கு காப்பர் நாப்தினேட் போன்ற மருந்தை நன்றாகக் குடிக்கும்வரை தடவ வேண்டும். அறுத்த முனையை மண்ணுக்குள் விடவே கூடாது, தொழிற்சாலையில் இருந்து வந்த முனை கீழே, அறுத்தது மேலே. இப்போது வரும் மருந்துகளில் செம்பு அதிகம், சாதாரண ஆணியை அது அரித்துவிடும், சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணி அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிதான் போட வேண்டும்.

அண்ணாவிடம் ஒரு கேள்வி. நீங்கள் வெள்ளை கூடவே கூடாது என்கிறீர்கள், எங்களுக்கு வரும் பைனில் பெரும்பகுதி வெள்ளையாகத்தானே இருக்கிறது?

* * *

நல்ல கேள்வி தங்கச்சி, நான் அதைச் சொல்லாமல் விட்டிருந்தேன். மருந்தேற்றுகிற பைனில் கணக்கு தலைகீழ். மருந்தைக் குடிப்பது வெள்ளைதான், வைரம் அவ்வளவாக உள்ளே விடாது. அதனால் அங்கே வெள்ளை நிறைய இருப்பது நல்லது, வைரம் கலந்த துண்டில்தான் மருந்து மேலோடு நின்றுவிடும். மருந்தில்லாமல் சொந்தச் சரக்கில் நிற்க வேண்டிய மரம் என்றால் வைரம் மட்டும். ஸ்ப்ரூஸ் மாதிரி சில மரங்கள் எப்படியும் மருந்தை உள்ளே வாங்காது. பனையை எடுத்தால் அது இன்னொரு விதம், அதில் கறுத்து இறுகிய பகுதி வெளி ஓரத்தில் இருக்கும், நடுவில்தான் சோறு, அங்கே நடுத்துண்டைத் தள்ளிவிட்டு ஓரத்தை எடுக்க வேண்டும்.

* * *

பழைய ரயில் கட்டைகள் மலிவாகக் கிடைக்கிறது, பாத்தி கட்டவும் உட்காரவும் போடலாமா என்று யோசிக்கிறேன். யாராவது வாங்கியிருக்கிறீர்களா?

* * *

தம்பி, வேண்டாம். அதில் பெரும்பாலும் கிரியோசோட் என்கிற தார் எண்ணெய் மருந்தை ஏற்றியிருப்பார்கள், வெயிலில் கசிந்து வரும், தோலுக்கு ஆகாது, புற்றுநோய் அபாயமும் உண்டு. குழந்தைகள் உட்காருகிற இடத்துக்கும் காய்கறிப் பாத்திக்கும் கூடவே கூடாது. அதே மாதிரி பழைய பச்சை நிறக் கட்டைகளில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த சிசிஏ மருந்து இருக்கலாம். அமெரிக்காவில் 2003 கடைசியோடு வீட்டு வேலைகள் பெரும்பாலானவற்றுக்கு அதை நிறுத்திவிட்டார்கள், ஆனால் அதற்கு முந்தைய மரம் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. மிச்சத்தை அடுப்பில் வைக்காதீர்கள், எரித்த சாம்பலில் ஆர்சனிக் தங்கும்.

பழைய மரம்தான் வேண்டும் என்றால் இடித்த கட்டிடத்தின் உத்தரம், நிலை, கதவுச் சட்டம் பாருங்கள், முதிர்ந்த மரத்து வைரம் அதில் கிடைக்கும். ஒரு குத்தூசி கொண்டு போங்கள். நார் ஓட்டத்துக்குக் குறுக்கே லேசாகக் குத்தி நெம்பினால், நல்ல மரத்தில் நீளமாக ஒரு சிராய் கிழிந்து எழும்பும், சத்தமும் கேட்கும். பூஞ்சை பிடித்த மரத்தில் சத்தமில்லாமல் பொட்டென்று குட்டைத் துண்டாக உடையும். சுவருக்குள் இருந்த முனைகளிலும் ஆணித் துளைகளைச் சுற்றியும் கட்டாயம் குத்திப் பாருங்கள்.

* * *

மறுபடியும் நான்தான், பந்தல் போட்டவன். தூணை எப்படி நட்டீர்கள் என்று தனியாகச் சிலர் கேட்டிருந்தார்கள், இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மண்ணில் புதைக்கவில்லை. தண்ணீருக்குள் முழுக்க மூழ்கின மரத்துக்குக் காற்று கிடைக்காது, அதனால் பூஞ்சை அண்டாது, வெனிஸ் நகரத்துக் கட்டிடங்கள் சேற்றுக்குள் அடித்த மரத்தூண்களின்மேல் நூற்றாண்டுகளாக நிற்கின்றன. மரத்துக்கு எமன் தரைமட்டம்தான், ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற அந்த ஒரு சாண். கான்கிரீட்டுக்குள் தூணை விட்டு நிரப்பினாலும் மரம் சுருங்கினதும் ஓரத்தில் இடைவெளி விழும், தண்ணீர் உள்ளே இறங்கி வெளியேற வழியில்லாமல் கிடக்கும். நான் கான்கிரீட்டில் தூணின் அடியைத் தாங்குகிற இரும்புக் காலணி பதித்து, அதன்மேல் தரையில் இருந்து ஒரு கை அகலம் தூக்கித் தூணை நிறுத்தினேன். தூணின் உச்சியைச் சாய்வாக அறுத்துத் தகடு போட்டேன். வெட்டுமுகம்தான் மற்ற பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரைக் குடிக்கும், அதை மூடிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மேல்சட்டங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைக்காமல் காற்று போக இடம் விட்டிருக்கிறேன்.

பூச்சு பற்றிக் கேட்டவருக்கு: எண்ணெய் நிறத்தைக் கொஞ்ச நாள் காக்கும், வெடிப்பைக் குறைக்கும், இற்றுப்போகிற மரத்தை இற்றுப்போகாத மரமாக மாற்றாது. தடித்த வார்னிஷ் வெளியில் விரிசல் விட்டால் அதற்குள் புகுந்த தண்ணீர் காயவே காயாது. பந்தலில் எதுவும் தடவவில்லை, மரம் இப்போது சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கிறது. அது மேல்தோலில் வெயில் செய்கிற வேலை, இற்றுப்போனது கிடையாது, நகத்தால் அமுக்கினால் கல் மாதிரி இருக்கிறது.