அலாஸ்கா: பாதி கப்பல், பாதி தரை. முதல் தடவை போறவைக்கு (கேள்வியும் பதிலும்; ஒவ்வொருவரும் தங்கட ஊர்ப் பெயரில் எழுதினம்)

செட்டிகுளம்

அம்மாவும் அப்பாவும் சித்திரை முடியச் சுப்பர் விசாவில் (பிள்ளைகளிட்ட நீண்ட நாள் நிக்கப் போற பெற்றோருக்குக் கனடா கொடுக்கிற விசா) ரொறன்ரோ போகினம். தங்கச்சி ஆக்கள் அங்கிருந்து அவையையும் கூட்டிக்கொண்டு ஜூனில் அலாஸ்கா போற யோசனை. 7 இரவு கப்பல், 4 இரவு தரை. அப்பாவுக்கு நீரிழிவு, வலது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். இரண்டு பேருக்கும் கப்பல் புதுசு. என்ன எதிர்பார்க்கலாம், எதில் கவனமா இருக்க வேணும்? தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ.

பரந்தன்

தம்பி, காசு கட்ட முதல் விசாவைப் பாருங்கோ. தங்கச்சி ஆக்கள் கனடாக் குடியுரிமை எண்டால் அவைக்கு அமெரிக்கா போக விசா தேவையில்லை. அந்தப் பழக்கத்தில் பெற்றோரின் விசாவை மறந்துபோய் பதிவு செய்து விடுவினம். இந்தப் பயணம் குழம்புறதில் முக்கால்வாசி இதாலதான். அலாஸ்கா அமெரிக்க மாநிலம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்கப் பார்வையாளர் விசா கட்டாயம். வன்கூவரில் கப்பல் ஏறினால் அமெரிக்க அதிகாரிகள் அந்தத் துறைமுகத்திலேயே நிண்டு சோதிப்பினம். விசா இல்லாட்டி ஏத்த மாட்டினம், கட்டின காசும் வராது.

அதை இங்க நிக்கேக்கையே கொழும்பில் எடுங்கோ. 2025 செப்டம்பரில் இருந்து குடியுரிமை உள்ள நாட்டில் அல்லது நிரந்தரமா வதியுற நாட்டில் நேர்முகத்துக்கு வரச் சொல்லித்தான் அமெரிக்கா சொல்லுது. பார்க்கப் போன ஆள் கனடாவில் இருந்துகொண்டு விண்ணப்பிக்கிறது இப்ப கஷ்டம். நேர்முகத்துக்குத் திகதி கிடைக்கவே நாள் எடுக்கும். ஜூன் பயணத்துக்கு மாசியில் ஓடித்திரிஞ்சால் காணாது.

கப்பல் ஏன் கனடாவைத் தொட்டுப் போகுது எண்டதுக்கும் காரணம் இருக்கு. 1886ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒண்டின்படி வேற நாட்டுக் கொடியோட ஓடுற கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏத்தி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்க ஏலாது. அலாஸ்கா ஓடுற பெரிய உல்லாசக் கப்பல்கள் எல்லாம் பிறநாட்டுக் கொடிதான். அதால் ஒருவழிக் கப்பல் வன்கூவரில் தொடங்கும், இல்லாட்டி வன்கூவரில் முடியும். நடுவில் ஏதாவது துறையில் இறங்கி வீட்டுக்குப் போவம் எண்டு நினைச்சால் இதே சட்டம் குறுக்கே வரும்.

காப்புறுதியையும் பாருங்கோ. சுப்பர் விசாவுக்கு ஆகக் குறைஞ்சது 100,000 கனேடிய டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்க வேணும். அது கனடாவுக்குள்ள மட்டும் செல்லுமோ, அமெரிக்காவில் நிக்கிற நாட்களுக்கும் கடலில் நிக்கிற நாட்களுக்கும் செல்லுமோ எண்டு எழுத்தில் கேட்டு எடுங்கோ. ஏற்கெனவே இருக்கிற நீரிழிவுக்குச் செல்லுமோ எண்டதையும் சேர்த்துக் கேளுங்கோ. கப்பல் டொக்டர் இலவசம் இல்லை. காய்ச்சலுக்குப் போனாலே பெரிய பில் வரும்.

முள்ளியவளை

எது முதல், எது பிறகு எண்டதைப் பற்றி நான் சொல்றன். ரண்டு மாதிரி விற்பினம்: கப்பல் முதல், தரை பிறகு, அல்லது தரை முதல், கப்பல் பிறகு. வயசான ஆக்களோட போறதெண்டால் தரையை முதலில் முடியுங்கோ. தரைப் பகுதிதான் உடம்பை முறிக்கும். காலமை ஆறரைக்கு பஸ், பிறகு ஏழெட்டு மணித்தியால ரயில், ஒண்டு ரெண்டு நாளைக்கு ஒருக்கால் ஹோட்டல் மாற்றம். கப்பலில் ஏறிவிட்டால் பெட்டியை ஒருக்கால் திறந்து அலுமாரியில் வைச்சால் ஏழு நாளைக்குத் தொடத் தேவையில்லை. களைச்ச உடம்பு கப்பலில் ஆறும். மற்றப் பக்கம் போனால் ஏழு நாள் சொகுசா இருந்த கையோட டெனாலி மலைப் பூங்கா பஸ்ஸில் குலுங்க வேணும். தரை முதல் எண்டால் பயணம் வன்கூவரில் முடியும், அங்கயிருந்து ரொறன்ரோ உள்நாட்டு விமானம்.

பெட்டிகள் உங்களோட வராது. தரைப் பயணத்தில் அவை தனி லொறியில் ஹோட்டலுக்குப் போகும். நீங்கள் ரயிலால் இறங்கி அறைக்குப் போய் ஒண்டிரண்டு மணித்தியாலம் கழிச்சும் வரலாம். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு தோள்பை: ரெண்டு நாள் மருந்து, ஒரு மாத்து உடுப்பு, மழைச்சட்டை, சார்ஜர், கடவுச்சீட்டு.

கப்பலில் கடைசி இரவும் இதே கதைதான். பெட்டியில் நிறப் பட்டி கட்டி இரவு பத்துப் பதினொரு மணிக்குள்ள கதவுக்கு வெளியில் வைக்கச் சொல்லுவினம். உடுப்பு முழுதையும் அடுக்கி வெளியில் வைச்சுப்போட்டு, விடியத் தேடினால் சாரமும் இரவுச் சட்டையும்தான் கையில் மிஞ்சும். அடுத்த நாள் உடுப்பையும் சப்பாத்தையும் கட்டிலில் எடுத்து வைச்ச பிறகு பெட்டியைப் பூட்டுங்கோ. பட்டியின் நிறத்தையும் இலக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கோ. கரையில் ஆயிரக்கணக்கில் கிடக்கிற பெட்டிக்குள்ள அதை வைச்சுத்தான் தேட வேணும்.

அளம்பில்

கடலைப் பற்றிப் பயப்பிடாதேங்கோ. வன்கூவரில் இருந்து ஸ்காக்வேத் துறைமுகம் வரைக்கும் கப்பல் பெரும்பாலும் தீவுகளுக்கு இடையாலதான் போகும். குறிகட்டுவானில் இருந்து நயினாதீவு போற வள்ளத்தில் ஆடுற ஆட்டத்தில் கால்வாசியும் அங்க இராது. ஆட்டம் எண்டால் அலாஸ்கா வளைகுடா. விற்றியர் அல்லது செவார்டுத் துறைமுகத்துக்கும் கிளேசியர் பே எண்ட பனியாற்றுக் குடாவுக்கும் இடையில் ஓர் இரவும் ஒரு பகலும் திறந்த கடல். தரை முதல் எண்டால் அது கப்பலில் முதல் நாளே வரும். அறை எடுக்கேக்க நடுக் கப்பலில், கீழ்த் தட்டில் கேளுங்கோ; மேலுக்கும் நுனிக்கும் போகப் போக ஆட்டம் கூடும். குமட்டல் குளிசை ஆட்டம் தொடங்கின பிறகு போட்டுப் பிரயோசனம் இல்லை, ஒரு மணித்தியாலம் முன்னம் போட வேணும். புரொஸ்டேட் வீக்கம் இருக்கிற ஆக்களுக்குச் சில குமட்டல் குளிசையால் சலம் அடைக்கும். கண் அமுக்கம் இருந்தால் அதையும் கூட்டும். டொக்டரைக் கேட்டு வாங்குங்கோ.

ஜன்னல் இல்லாத உள் அறைதான் மலிவு. ஜூனில் அலாஸ்காவில் இரவு பத்தரைக்கும் வெளிச்சம், அதால் உள் அறையில் நல்லா நித்திரை வரும். ஆனால் காலமை எழும்பினால் பகலோ இரவோ தெரியாது, வயசான ஆக்களுக்கு அது ஒரு அந்தரம். பல்கனி அறைக்குக் காசு கட்டலாமோ எண்டு கேட்டால், நான் கட்டலாம் எண்டுதான் சொல்லுவன். கிளேசியர் பேயில் கப்பல் கரையில் கட்டாது. ஒரு நாளைக்கு ரெண்டு பெரிய கப்பலுக்குத்தான் அனுமதி. பனியாற்றுக்கு முன்னால் மணித்தியாலக் கணக்கில் நிண்டு மெல்லமாத் திரும்பும். மேல்தட்டில் காத்து எலும்புக்குள்ள போகும். பல்கனி இருந்தால் போர்வையைப் போத்துக்கொண்டு கதிரையில் இருந்தே பார்க்கலாம். பனிக்கட்டி பிரிஞ்சு விழேக்க முதல் காணுறது கண்தான், இடி மாதிரிச் சத்தம் பிந்தித்தான் வரும். அதால் சத்தம் கேட்ட பக்கம் திரும்பினால் பிந்திப் போச்சு. விளிம்பிலேயே கண்ணை வைச்சிருங்கோ.

போனை விமானப் பயண நிலையில் போட்டு வைக்க வேணும். நடுக்கடலில் கப்பலின் கைபேசி வலையில் தானாப் பிடிச்சால் நிமிசத்துக்கு டொலர் கணக்கில் போகும். நேரமும் கவனம்: அலாஸ்கா வன்கூவரை விட ஒரு மணித்தியாலம் பின்னுக்கு, ரொறன்ரோவை விட நாலு மணித்தியாலம். கரையில் போன் ஒரு நேரமும் கப்பல் இன்னொரு நேரமும் காட்டக்கூடும். திரும்பி ஏற வேண்டிய நேரம் கப்பல் நேரம்தான். கப்பல் மூலமாப் பதிஞ்ச சுற்றுலா பிந்தினால் கப்பல் பார்த்து நிக்கும். தனியாப் போய்ப் பிந்தினால் நிக்காது.

விசுவமடு

சாப்பாடு எப்பிடி? எங்கட அம்மா சைவம். வெள்ளிக்கிழமையில் முட்டையும் தொட மாட்டா.

உடையார்கட்டு

கப்பல் அடுக்களையில் வேலை செய்யிறன், இதுக்கு நான் பதில் எழுதுறன். பதிவு செய்யேக்கையே "இந்தியச் சைவம், முட்டை இல்லை" எண்டு போடச் சொல்லுங்கோ. வெறுமனே வெஜிடேரியன் எண்டால் முட்டையும் சீஸும் வரும், சில சூப்பில் இறைச்சி அவிச்ச தண்ணியும் வரும். கப்பலில் ஏறின முதல் இரவு சாப்பாட்டு மண்டபத்துத் தலைமைப் பரிசாரகரைப் பிடிச்சுச் சொல்லுங்கோ; அவர் ஒவ்வொரு இரவும் அடுத்த நாள் சாப்பாட்டைக் கேட்டு எழுதுவார். அடுக்களையில் இந்தியச் சமையல்காரர் அனேகமா இருப்பினம். பருப்பு, சோறு, மரக்கறி கிடைக்கும். ஆனால் எங்கட சம்பலையும் வறுத்த தூளையும் எதிர்பார்க்காதேங்கோ. ஒரே மேசை, ஒரே நேரம் எண்டு கேட்டு எடுங்கோ. நாளுக்கு நாள் மேசை மாறினால் பரிசாரகர் மாறுவார், சொன்னது மறந்துபோகும்.

தரையில்தான் அந்தரம். கப்பல் விலைக்குள்ள சாப்பாடு அடக்கம். தரைப் பகுதியில் பெரும்பாலான திட்டங்களில் அடக்கம் இல்லை. டெனாலி வாசலில் ஒரு சாதாரண சாப்பாடே இருபது, இருபத்தைந்து டொலருக்குக் குறையாது. சைவம் எண்டால் உருளைக்கிழங்கும் சலட்டும்தான். ஆங்கரேஜ் அல்லது பெயார்பாங்ஸ் நகரத்தில் பெரிய கடையில் பாண், பழம், தயிர், கொட்டை வகை வாங்கி வையுங்கோ. ரொறன்ரோவில் இருந்து பருப்புப் பொடி, அவல், முறுக்கு மாதிரிக் காய்ஞ்ச சாமான் கொண்டு போகலாம், எல்லையில் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கோ. சோறு அவிக்கிற குக்கர், கேத்தல், அயன் எல்லாத்தையும் கப்பல் ஏற முதலே பறிச்சு வைப்பினம். கப்பல் சாப்பாட்டையோ பழத்தையோ கரைக்குக் கொண்டு இறங்கவும் விட மாட்டினம்.

சேவைக் காசு எண்டு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 அமெரிக்க டொலர் கணக்கில் ஏறும். அது எங்களைப் போல வேலை செய்யிற ஆக்களின் சம்பளத்தில் ஒரு பகுதி, தயவுசெய்து வெட்டச் சொல்லாதேங்கோ. தரையில் பஸ் சாரதிக்கும் வழிகாட்டிக்கும் வேற கொடுக்க வேணும்.

மாங்குளம்

செயற்கைக் காலைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. இது முக்கியம், வடிவா வாசியுங்கோ.

முதல் விசயம் சப்பாத்து. செயற்கைப் பாதத்தைப் பூட்டேக்க ஒரு குதி உயரத்துக்குத்தான் சரி பார்க்கிறவை. இங்க அனேகமா வெறும் பாதத்துக்கோ தட்டைச் செருப்புக்கோ பூட்டியிருப்பினம். ரொறன்ரோவில் இறங்கின உடன பிள்ளைகள் குதி உயர்ந்த பனிச் சப்பாத்து வாங்கிக் கொடுப்பினம். குதி உயர்ந்தால் கால் முழுதும் முன்னுக்குச் சரியும், முழங்கால் தானா மடங்கப் பார்க்கும், இறக்கத்தில் விழுத்தும். ஜூன் பயணத்துக்குப் பனிச் சப்பாத்துத் தேவையில்லை. தட்டையான, அடி வழுக்காத சப்பாத்தை இங்கயே வாங்கி, கால் பூட்டினவரிட்டக் காட்டி, போட்டு நடந்து பழகட்டும்.

ரெண்டாவது இறக்கம். கெச்சிக்கன், ஜூனோ துறைமுகங்கள் பக்கம் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் தண்ணி 5, 6 மீற்றர் வரை ஏறி இறங்கும். எங்கட கடலில் ஒரு மீற்றர்கூட இல்லை. அதால் காலமை தட்டையா இருந்த இறங்குபாலம் பின்னேரம் செங்குத்தா நிக்கும். பாலத்தடியில் நிக்கிற ஆளிட்ட வற்று நேரத்தைக் கேட்டு, அதைத் தவிர்த்து ஏறி இறங்குங்கோ. சில இடத்தில் கப்பல் கரைக்கு வராது, சின்னப் படகில் இறக்குவினம். அலை இருந்தால் அதில் இறங்காமல் விடுறதுதான் புத்தி.

மூண்டாவது குளியலறை. சாதாரண அறையில் வாசலில் ஒரு படி உயரம் இருக்கும், குளிக்கிற இடம் ஆள் திரும்பேலாத அளவு ஒடுக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான அறையில் படி இல்லை, பிடி இருக்கும், இருந்து குளிக்கக் கதிரை இருக்கும். ஆனால் ஒரு கப்பலில் அப்பிடி அறைகள் கொஞ்சம்தான், முதலில் போறது அதுதான். இரவில் காலைக் கழட்டிப்போட்டு ஒத்தைக் காலில் துள்ளிப் போற பழக்கம் வீட்டில் சரி, ஆடுற கப்பலில் வேண்டாம். ஊன்றுகோல் ஒரு சோடி கட்டிலோட வையுங்கோ.

இன்சுலின் தோள்பையில். அறைக் குளிர்ப்பெட்டி சில கப்பலில் குடிபானம் குளிராக்கிற அளவுதான். மருந்துக்கு எண்டு கேட்டால் சரியான குளிர்ப்பெட்டி தருவினம், ஊசி போடுற பெட்டியும் தருவினம். நாலு மணித்தியால வித்தியாசத்துக்கு ஊசி நேரத்தை எப்பிடி மாத்திறது எண்டு டொக்டரிட்ட எழுதி வாங்குங்கோ.

உடம்பில் ஷெல் துண்டு இருக்கிற ஆக்கள் எங்கட பக்கம் எத்தினை பேர். விமான நிலையத்தில் ஒருக்கால், பிறகு ஒவ்வொரு துறையிலும் கப்பலில் திரும்ப ஏறேக்க உலோகச் சோதனை. சின்னத் துண்டுக்குச் சத்தம் போடாது, பெரிய துண்டுக்குப் போடலாம். எந்த இடத்தில் எத்தினை துண்டு எண்டு ஆஸ்பத்திரியில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம், முடிஞ்சால் எக்ஸ்ரேயின் படம் போனில். செயற்கைக் காலுக்கும் அதே கடிதத்தில் ஒரு வரி போதும்.

நெடுங்கேணி

டெனாலியைப் பற்றி ரெண்டு சொல். மலை 6,190 மீற்றர், ஆனால் முகில் மூடியே கிடக்கும். போற பத்துப் பேரில் மூண்டு பேர்தான் உச்சியைக் காணுறது எண்டு சொல்லுறவை. ஒரு இரவு மட்டும் நிக்கிற திட்டத்தை விட ரெண்டு இரவு நிக்கிறதை எடுக்கச் சொல்லுறது இதுக்காகத்தான். பூங்காவுக்குள்ள 148 கிலோமீற்றர் வீதி. 2021 ஓகஸ்டில் மலை சரிஞ்சதால் 43ஆவது மைலோட மறிச்சுப் பாலம் கட்டுறவை. அது திறக்கும் வரைக்கும் பஸ் அங்க வரைக்கும்தான். 15ஆவது மைலுக்குப் பிறகு சொந்த வாகனம் விட மாட்டினம். பஸ் பழைய பாடசாலை பஸ் மாதிரி, ஐந்து மணித்தியாலம் அளவில் இருக்க வேணும். உள்ளுக்குக் கடை இல்லை. கழிப்பறை வழியில் ரெண்டு மூண்டு இடத்தில்தான், அப்பாவை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறக்குங்கோ. இடையில் அவருக்குச் சீனி இறங்கினால் கொடுக்க இனிப்பு சட்டைப் பையில் இருக்கட்டும், மேல் தட்டில் உள்ள பையில் வேண்டாம்.

கண்ணாடிக் கூரை ரயிலில் மேல் தட்டுக்கு ஒடுங்கின படி. லிப்ட் உள்ள பெட்டியை முன்கூட்டியே கேட்க வேணும்.

குளிர் எண்டு எல்லாத்தையும் தடிப்பா வாங்காதேங்கோ. ஜூனில் டெனாலியில் விடியக் காலமை 5 பாகை, மத்தியானம் 18, பெயார்பாங்ஸில் 25க்கு மேலயும் போகும். மெல்லிய உள்ளுடுப்பு, நடுவில் ஒரு கம்பளிச் சட்டை, மேல மழை நுழையாத சட்டை: மூண்டு அடுக்கு, கழட்டிக் கழட்டிப் போடலாம். கெச்சிக்கனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை, வன்னியில் பெய்யிறதிலும் ரெண்டு மடங்குக்கு மேல. குடை காத்தில் நிக்காது, தொப்பி வைச்ச மழைச்சட்டைதான். நுளம்பெண்ணெயும் எடுங்கோ, ஜூன், ஜூலையில் டெனாலி நுளம்பு எங்கட மாரி நுளம்பை விடப் பெரிசு.

செட்டிகுளம்

எல்லாருக்கும் நன்றி. ஒண்டு கேக்க வேணும்: இரவு வானத்தில் தெரியுற துருவ ஒளி பார்க்கலாமோ?

நெடுங்கேணி

ஜூனில் ஏலாது தம்பி. பெயார்பாங்ஸில் அந்த மாதம் 21 மணித்தியாலம் அளவில் சூரியன், மிச்ச நேரமும் இருட்டாது. அதுதான் விருப்பம் எண்டால் ஓகஸ்ட் கடைசிக்குப் பிறகு போக வேணும். டெனாலி ஹோட்டலும் ரயிலும் செப்டம்பர் நடுப்பகுதியோட மூடுறதால் இடையில் ரெண்டு, மூண்டு கிழமைதான் கிடைக்கும். அப்ப நுளம்பும் இல்லை, ஆனால் வளைகுடா ஆட்டம் கூட. அப்பாவின் காலை யோசிச்சால் ஜூனே நல்லது. கண் கட்டுற துணி மட்டும் ரெண்டு வாங்குங்கோ, ஹோட்டல் திரைச்சீலையால் அந்த வெளிச்சத்தை மறைக்க ஏலாது.