பொருள்: மறு: மறு: டிரான்ஸ்போசேஸ் நொதிக்குத் தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளியில் தேர்வுத்தாள் திருத்தும் வேலை இருந்ததால் மூன்று நாளாகக் குழுமப் பக்கம் வர முடியவில்லை. டி.என்.ஏ. துண்டு ஒன்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் நொதிதான் (என்சைம்) டிரான்ஸ்போசேஸ். அதற்குத் தமிழ்ப் பெயர் தேடி நீங்கள் எழுதிய எல்லா மடலையும் நேற்று இரவு உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதாமல் ஒரே மடலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> அக்கா, ‘தாவும் மரபணு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. அதை வைத்தே ‘தாவல் நொதி’ என்று சொல்லிவிடலாமா?

தம்பி, தாவுவது நொதி இல்லையே! சொல்லப்போனால் மரபணுவும் தாவுவதில்லை. மக்காச்சோள மணியின் நிறத் திட்டுகளை வைத்து இந்த நகரும் துண்டுகளைக் கண்டுபிடித்தவர் பார்பரா மெக்லின்டாக். 1983இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. பத்திரிகைக்குத் ‘தாவும் மரபணு’ அழகான பெயர்தான். ஆனால் கிளைக்குக் கிளை தாவும் குரங்குதான் அதில் கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையில் நடப்பது தாவல் இல்லை, கத்தி வேலை.

நுண்ணுயிரிகளில் நன்றாக ஆராயப்பட்ட டிஎன்5 என்ற துண்டையே எடுத்துக்கொள்வோம். கானமைசின் மருந்தை எதிர்க்கும் மரபணுவைச் சுமந்து திரிகிற துண்டு இது. இதை நகர்த்தும் நொதி 476 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். துண்டின் இரு முனையிலும் 19 டி.என்.ஏ. எழுத்து நீளத்தில் ஓர் அடையாள வரிசை உண்டு. முனைக்கு ஒரு நொதி வந்து பிடிக்கும். பிறகு அந்த இரண்டு நொதிகளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, நடுவில் இருக்கும் டி.என்.ஏ. வளைந்து கண்ணியாகிவிடும். 2000இல் வெளிவந்த படிக அமைப்பு ஆய்வில் ஒரு வேடிக்கை தெரிந்தது. ஒரு நொதி தான் முக்கியமாகப் பிடித்திருக்கும் முனையை வெட்டுவதில்லை, மற்ற நொதி பிடித்திருக்கும் முனையைத்தான் வெட்டுகிறது. ஆக, இரண்டும் சேராமல் வெட்டு விழாது. ஒரு முனை மட்டும் அறுபட்டுத் தொங்கும் ஆபத்தைத் தவிர்க்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

வெட்டும் இடத்தில் இரண்டு ஆஸ்பார்டிக் அமிலமும் ஒரு குளூட்டாமிக் அமிலமும் மக்னீசிய அயனிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. முதலில் ஒரு நீர் மூலக்கூறு டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளில் ஒன்றை அறுக்கும். அறுந்த நுனி சும்மா இருக்காது, திரும்பி எதிர் இழையைத் தாக்கி அதனோடு இணைந்துகொள்ளும். இங்கே மலேசியாவில் கேமரன் மலைப் பாதையில் வருகிற கொண்டை ஊசி வளைவு மாதிரி முனை மூடிக்கொள்ளும். துண்டு விடுபட்டாயிற்று. பிறகு இன்னொரு நீர் மூலக்கூறு அந்த வளைவைத் திறந்துவிட, வெளிப்பட்ட நுனிகள் புது இடத்து டி.என்.ஏ.வைத் தாக்கி அதில் ஒட்டிக்கொள்ளும். இத்தனைக்கும் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு செலவே இல்லை!

புது இடத்தில் இரண்டு இழையும் நேருக்கு நேர் வெட்டப்படுவதில்லை, 9 எழுத்து தள்ளித் தள்ளி வெட்டப்படுகின்றன. அதனால் இரு பக்கமும் ஒற்றை இழையாக ஓர் இடைவெளி விழும். அதை நிரப்புவது இந்த நொதி அல்ல, செல்லின் பழுதுபார்க்கும் நொதிகள். நிரப்பி முடித்த பிறகு பார்த்தால், அந்த 9 எழுத்து துண்டின் இரு பக்கமும் ஒரேமாதிரி இரட்டித்து நிற்கும். துண்டு எங்கே நுழைந்தது என்று காட்டும் தழும்பு அது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம்தான். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவர் ரப்பர் நாற்றுகளுக்கு ஒட்டுக்கட்டும் வேலை பார்த்தார். நாற்றின் பட்டையில் சன்னல் மாதிரி கீறுவார். பால் வடிந்து நிற்கும் வரை காத்திருந்து துணியால் துடைப்பார். நல்ல மரத்துக் கொம்பிலிருந்து மொட்டோடு பட்டையைப் பெயர்த்தெடுத்து, உள்பக்கத்தில் விரல் படாமல் அந்தச் சன்னலில் செருகுவார். கீழிருந்து மேலாக பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றுவார், மழைத்தண்ணி இறங்கக்கூடாதே. மூன்று வாரம் கழித்து அவிழ்த்து நகத்தால் லேசாகச் சுரண்டுவார். பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். காயத்தை ஆற்றியது அப்பா இல்லை, மரம்தான். டிஎன்5 கதையும் அப்படியே.

அதனால் ‘ஒட்டுக்கட்டி’ என்றே நொதிக்குப் பெயர் வைக்க எனக்கு ஆசை. ஆனால் இப்போது எங்கள் பக்கம் திரும்பின திசையெல்லாம் செம்பனை. என்னிடம் டியூசனுக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் ஒட்டுக்கட்டிப் பார்த்ததே இல்லை. சரி, ஆசையை விட்டுவிடுகிறேன்.

> ‘இடமாற்று நொதி’ எளிமையாக இல்லையா?

எளிமைதான் ஐயா. ஆனால் ஒரு மூலக்கூறின் பகுதியை இன்னொன்றுக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபரேஸ் என்று ஒரு பெரிய நொதிக் குடும்பமே அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கிறது. அதுவும் போக, இடமாற்றம் என்றாலே எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு வேறு பயம் வந்துவிடும்.

‘பெயர்த்தி’ என்று சுருக்கலாம் என ஒருவர் எழுதியிருந்தார். பெயர்த்தி என்றால் பேத்தி! அந்த மடலைப் படித்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

ஆனால் அவர் தொட்ட வினைச்சொல் சரியானது. பெயர்ந்தது, பெயர்த்தது என்று ஒரே வேரிலிருந்து தன்வினையும் பிறவினையும் தமிழில் தயாராகவே இருக்கின்றன. தானே இடம்பெயரும் துண்டு, அதாவது டிரான்ஸ்போசான், ‘இடம்பெயரி’. அதைப் பெயர்க்கும் நொதி ‘இடம்பெயர்ப்பி’. ஒரு சொல் தெரிந்தால் மற்றது தானாக விளங்கும். ‘இடம்’ என்ற முன்னொட்டை விட்டுவிடக்கூடாது. விட்டால் மொழிபெயர்ப்போடும், பேரோடும் போய் மோதும்.

> குரோமோசோம் துண்டு முறிந்து வேறு குரோமோசோமில் ஒட்டுவதையும் இடம்பெயர்தல் என்கிறார்களே, குழம்பாதா?

அது நிகழ்ச்சியின் பெயர். இடம்பெயரி, இடம்பெயர்ப்பி இரண்டும் அந்தச் செயலைச் செய்யும் பொருள்களின் பெயர்கள். வாக்கியத்தில் வரும்போது குழம்பாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ‘இடம்பெயர்வு’ என்ற சொல்லை மட்டும் தனியாகத் தலைப்பில் போடாமல் இருப்பது நல்லது.

எனக்கே இருந்த ஒரு தயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டிஎன்3 போன்ற துண்டுகள் பழைய இடத்தை விட்டுப் போவதே இல்லை. அங்கே ஒரு படி இருக்க, புது இடத்திலும் ஒரு படி உண்டாகிறது. எடுத்த இடத்தில் இல்லாமல் போனால்தானே பெயர்த்தது ஆகும்? இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம்தான் ஏடுகளைப் ‘பெயர்த்தெழுதுதல்’ என்று ஒரு வழக்கு இருப்பது நினைவுக்கு வந்தது. பெயர்த்தெழுதினால் மூல ஏடு எங்கும் போய்விடாது, பக்கத்தில் இன்னொரு படி கிடைக்கும், அவ்வளவுதான். ஆக, பெயர்த்தல் இரண்டு வழியையும் தாங்குகிறது. வேறுபடுத்த வேண்டிய இடத்தில் டிஎன்5 வழியை ‘வெட்டி ஒட்டல்’ என்றும், டிஎன்3 வழியைப் ‘படியெடுத்து ஒட்டல்’ என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த இரண்டிலும் அடங்காத கூட்டமும் இருக்கிறது. ஐஎஸ்200 வகைத் துண்டுகளின் நொதி ஒற்றை இழையைத்தான் கையாளும், வெட்டும்போது டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மூலம் டி.என்.ஏ.வோடு தற்காலிகமாகப் பிணைந்துகொள்ளும். வேலை வேறு மாதிரி என்றாலும் பெயர் அதற்கும் பொருந்தும்.

அப்புறம், டிஎன்5 தன் நொதியோடு அதன் தலைப்பக்கத்து 55 அமினோ அமிலங்கள் இல்லாத ஒரு குட்டைப் புரதத்தையும் சேர்த்தே செய்கிறது. அது டி.என்.ஏ.வைப் பிடிக்காது. முழு நொதியோடு ஜோடி சேர்ந்து அதன் வேலையைக் கெடுக்கும். துண்டு அளவுக்கு மீறி அலைந்து திரிந்தால் குடியிருக்கும் செல்லே செத்துவிடும் அல்லவா? இதற்குத் ‘தடைப் பெயர்ப்பி’ என்று யாரோ எழுதியிருந்தீர்கள். அது பெயர்ப்பதே இல்லையே, ‘தடைப் புரதம்’ போதும்.

மலாயில் இந்தத் தலைவலி இல்லை, என்சைம் என்பதை எழுத்து மாற்றி ‘என்சிம்’ என்று எடுத்துக்கொண்டார்கள். நாமும் டிரான்ஸ்போசேஸ் என்றே எழுதிவிட்டுப் போகலாம், தப்பில்லை. ஆனால் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு இடம்பெயர்ப்பியில் பாதி விளக்கம் சொல்லிலேயே கிடைத்துவிடுகிறது.

சனிக்கிழமை டியூசனில் இரண்டு சொல்லையும் வெள்ளைப்பலகையில் எழுதி, வேறுபாட்டை ஒரு வரியில் எழுதச் சொன்னேன். ஆறு பேருமே எது நகர்கிறது, எது நகர்த்துகிறது என்று சரியாக எழுதினார்கள். ஆனால் நாலு பேர் ‘இடம்பெயர்பி’ என்று எழுதிவைத்தார்கள். கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது அந்த ‘ப்’ விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து